ஐந்து அறிமுகங்களும் பதினேழாம் நம்பரும்

பொருளியல், அரசியல் அறிவியல், உளவியல், தர்க்கவியல், புவியியல் ஆகிய ஐந்திலும் கல்லூரிப் புத்தகத்தின் முதல் பாடம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். இரண்டாம் பாடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு இது எப்படி வாய்த்தது என்றால், மின்வெட்டும் ஓர் அண்ணனின் கால் நரம்பும்தான் காரணம்.

என் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கே போனாலும் எனக்கு முன்பே அது போய் உட்கார்ந்திருக்கும். சாமல்பட்டியில் ஒன்பதாவது படிக்கும்போது அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் காய்ச்சல் வந்தது. தேர்வு முடிந்த மறுநாள் விட்டது. முழு ஆண்டுத் தேர்வுக்கும் அப்படியே. டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாத்தியார் சிரித்தார். அப்பா, "இவனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துக்கல" என்று, ஏதோ கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதவனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லி நிறுத்திவிட்டார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் திரும்பச் சேர்த்துவிடுவாரோ என்று அதற்கும் பயம்.

பிறகு ஓசூர். மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஓர் அறை, நாங்கள் நான்கு பேர். ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. வார்த்து வந்த உருப்படிகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சரியாக எடுத்தோமா என்று நான் மூன்று தடவை தடவிப் பார்ப்பேன். அதனால் என் கையால் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற வேலை.

அறையில் மூத்தவர் அண்ணன். திருநெல்வேலிப் பக்கம். பெரிய கம்பெனி ஒன்றில் மிஷின் ஆபரேட்டர். பன்னிரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் அவருடைய கெண்டைக்காலில் நரம்பெல்லாம் புடைத்து, நீலமாகச் சுருண்டு, பாகற்கொடி படர்ந்ததுபோல இருக்கும். வேலை விட்டு வந்ததும் முதல் காரியமாகத் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வார். சுவரில் அவருடைய குதிகால் பட்ட இடம் இரண்டு வட்டமாகக் கறுத்திருந்தது.

அவருடைய பிரிவில் கண்ணாடி அறைக்குள் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார வேண்டும் என்றால் ஸ்டாஃப் ஆக வேண்டும். ஸ்டாஃப் ஆகப் பட்டம் வேண்டும். "எனக்கு பிரமோஷன் கிரமோஷன் ஒண்ணும் வேண்டாம்ல. உக்காரணும். அவ்வளவுதான்" என்பார். உட்காருவதற்காகவே பன்னிரண்டாவது முடித்துப் பதினான்கு வருஷம் கழித்துத் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தார்.

புத்தகப் பார்சல் வந்த அன்று அறை நடுவில் வைத்து நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். சணலை அறுக்கக்கூடாது, அவிழ்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் என்ன செய்வது? ஐந்து புத்தகங்கள். அழுக்கு மஞ்சள் அட்டை. பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிற மெல்லிய தாள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பாடத்தின் பேர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘அறிமுகம்’.

"அஞ்சு பேர அறிமுகப்படுத்தி வைக்கானுவ. ஒருத்தனும் நமக்குச் சொந்தக்காரன் இல்ல" என்றார் அண்ணன்.

அன்றைக்கே பொருளியலைத் திறந்தார். காலைச் சுவரில் போட்டு, புத்தகத்தை முகத்துக்கு மேலே பிடித்து, முதல் பக்கத்தின் பாதியில் புத்தகம் முகத்தில் விழுந்தது. அதற்கடியிலேயே தூங்கிவிட்டார். எடுத்து மூடப் போன நான் அந்தப் பாதியிலிருந்து படித்தேன். படிக்காத புத்தகம் அறையில் கிடந்தால் அடுப்பை அணைக்காமல் வந்ததுபோல எனக்கு இருக்கும்.

அடுத்ததுதான் மின்வெட்டு. அந்த வருஷங்களில் கரண்ட் போதவில்லை. எல்லாக் கம்பெனியும் ஒரே நாளில் ஓடக்கூடாது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வாரத்தில் ஒரு நாளைப் பவர் ஹாலிடே ஆக்கினார்கள். அண்ணனின் கம்பெனிக்குப் புதன்கிழமை. புதன் லீவு என்றால் ஞாயிறு வேலை. எங்கள் பட்டறையில் பிசிறு எடுக்கக் கையும் அரமும் போதும். எனக்கு மட்டும் ஞாயிறு ஞாயிறாகவே இருந்தது.

அண்ணனின் படிப்பில் பத்து ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு இருந்தது. குறைந்தது ஒன்பதுக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லையென்றால் பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, நாற்காலி இல்லை.

"ஏல, நீ போயி உக்காந்துட்டு வா" என்றார்.

"நானா? நான் ஒம்பதாவதுங்கண்ணா."

"நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? பேரெல்லாம் கூப்பிட மாட்டாவ, நம்பருதான். பதினேழுன்னு கேட்டா ‘உள்ளேன் ஐயா’ன்னு சொல்லு. அதுக்குப் பொறவு வாயத் தொறக்காத. இதான் சோலி."

"மாட்டிக்கிட்டா என்னங்கண்ணா பண்றது?"

"மாட்டுனா எனக்குல்லா படிப்பு போவும். ஒனக்குப் போறதுக்கு என்னல இருக்கு?"

நியாயமான பேச்சுதான். ஆனால் என் பயத்துக்கு நியாயம் தெரியாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக் கெண்டைக்காலைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்துக்கூடத் தேய்க்கவில்லை, சும்மா தேய்த்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வகுப்பு ஓசூருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பு அறையில் நடந்தது. சாக்பீஸ் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உடம்பு சுட்டது. பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் முப்பது நாற்பது வயதுக்காரர்கள் முழங்காலை மடக்க இடமில்லாமல் நெளிந்துகொண்டிருந்தார்கள். சுவரில் தவளை ஒன்றின் வயிற்றைத் திறந்து காட்டும் படம். சார் ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் சுற்றி, குனிந்த தலை நிமிராமல் நம்பர் கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ‘உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். "பதினேழு" என்றதும் எழுந்து நின்று நான் சொன்னது: "இருக்கேன் சார், மன்னிச்சிருங்க."

சார் தலையை நிமிர்த்தினார். "இருந்ததுக்கு எதுக்குப்பா மன்னிப்பு?"

வகுப்பே சிரித்தது. யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டு வரப் போனவனை முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு புத்தகத்துக்கு இரண்டு ஞாயிறு. முதலில் பொருளியல். ‘பொருளியல் என்றால் என்ன? அறிஞர்கள் இதனைப் பலவாறு வரையறுத்துள்ளனர்’ என்று தொடங்கியது. ஐந்து புத்தகமும் இப்படித்தான் தொடங்குகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்தப் பாடத்தையும் அதைப் படித்தவர்களே இன்னதென்று முடிவாகச் சொல்லவில்லை என்பதைப் பார்த்தபோது, எனக்குப் படிப்பின்மேல் முதல் தடவையாக ஒரு நல்லெண்ணம் வந்தது. எதையும் முடிவாகச் சொல்ல எனக்கும் பயம்தான்.

சார் எல்லாவற்றுக்கும் ஆட்டை உதாரணம் காட்டினார். பசித்த ஆடு, பசியாத ஆடு, ஒரு கட்டுப் புல், இரண்டு கட்டுப் புல். விலை குறைந்தால் தேவை கூடும், ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்று படித்துக் காட்டினார். அந்த வாலைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. மற்றவை மாறிவிட்டால்? வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பயம் வந்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"சார், மத்தது மாறாம எப்படிங்க சார் இருக்கும்?"

"புத்தகத்துல இருக்கும்."

"வெளியில?"

"வெளியில நடக்கறது எனக்குத் தெரியாதுப்பா. ஆட்டைத்தான் கேக்கணும்."

அடுத்தது அரசியல் அறிவியல். அரசுக்கு நான்கு கூறுகள்: மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை. சார் தேன்கூட்டை வைத்து விளக்கினார். நான் மனசுக்குள் எங்கள் அறையை வைத்துப் பார்த்தேன். மக்கள் நான்கு பேர். நிலப்பரப்பு பத்துக்குப் பத்து. அரசாங்கம் அண்ணன். இறையாண்மை மட்டும் வீட்டுக்காரம்மாவிடம். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். நிலப்பரப்புக்குத் திட்டவட்டமான எல்லை வேண்டும் என்று அடுத்த வரி சொன்னது.

"எல்லைக் கல்லு மேலயே ஒருத்தன் உக்காந்திருந்தா அவன் எந்த அரசுங்க சார்?"

சார் யோசிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஓர் அக்காவின் குரல் வந்தது. கர்நாடக எல்லையோரப் பாகலூர்க்காரர். "எந்தப் பஸ்ஸு மொதல்ல வருதோ அந்த அரசு."

அந்த அக்கா வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், எங்களிடம் தமிழும் பேசுவார். கணக்குப் போடும்போது எந்த மொழியில் போடுவார் என்று கேட்டதற்கு, "கையில" என்று விரலைக் காட்டினார்.

உளவியலில்தான் எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. முதல் பாடத்தின் நடுவே கட்டம் கட்டி, பதற்றத்தின் அறிகுறிகள் என்று போட்டிருந்தார்கள். உள்ளங்கை வியர்த்தல், எனக்கு உண்டு. செய்ததையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தல், உண்டு. தேர்வு நெருங்கும்போது உடல்நலம் கெடுதல். அந்த வரியில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டருக்கும் வாத்தியாருக்கும் அப்பாவுக்கும் தெரியாத என் காய்ச்சலை, என்னைப் பார்த்தே இராத யாரோ ஒருவர் மெல்லிய தாளில் அச்சடித்து, தபாலில் மூக்கண்டப்பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை பேருக்கு வருகிற சீக்கா இது என்று உடனே கவலையும் வந்தது.

சார் அதற்கும் கண்ணாடிக் குடுவைக்குள் தவளையைப் போட்டுத்தான் விளக்கினார்.

தேநீர் இடைவேளையில் பாகலூர் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நீ யாருக்கு?"

"என்னங்க்கா?"

"யாருக்குப் பதிலு வந்திருக்கேன்னு கேட்டேன். எங்க வூட்டுக்காரரு இருபத்திரெண்டு. அவரு கம்பெனிக்கு வியாழக்கெழம பவர் ஹாலிடே. நான் வந்து ஒக்காந்துக்கறேன்."

அக்கா வரிசையாகக் காட்டினார். ஒன்பதாம் நம்பர், அக்காளுக்காக வந்த தம்பி. முப்பதும் முப்பத்தொன்றும் ஒரே ஆள். முப்பதுக்குத் தடித்த குரல், முப்பத்தொன்றுக்கு மெல்லிய குரல். அறையில் பாதிப்பேர் அவரவர் இல்லை.

"சாருக்குத் தெரியாதாங்க்கா?"

"சாரு மட்டும் என்னா? அவரு வெலங்கியல் சாரு. அஞ்சு பாடத்துக்கும் அஞ்சு சாருங்க வரணும். ஞாயித்துக்கெழம எவன் வருவான்? எல்லாருக்கும் பதிலு இவரு ஒருத்தர் வர்றாரு."

"அதான் தவளையா?"

"அதான் தவள."

வேறு யாராக இருந்தாலும் நிம்மதி ஆகியிருப்பார்கள். எனக்குக் கவலை கூடியது. அதுவரை நான் ஒருவன் மாட்டுவேன் என்று பயந்தேன். இப்போது முப்பத்தைந்து பேருக்காகவும் பயப்பட வேண்டியிருந்தது. என் ஒருவனுடைய நாக்கு தவறினால் எத்தனை நாற்காலி போகும்?

தர்க்கவியல் முதல் பக்கத்திலேயே மனிதர்கள் எல்லோரும் இறப்பவர்கள் என்று ஆரம்பித்தது. காலையில் படிக்கிற விஷயமா அது? என் முகத்தைப் பார்த்த சார், மனிதரை எடுத்துவிட்டுத் தவளையைப் போட்டார். தவளைகள் எல்லாம் நீரிலும் நிலத்திலும் வாழும், இது தவளை, ஆகவே இது நீரிலும் நிலத்திலும் வாழும். உடம்புக்கு இதமாக இருந்தது. புவியியலில் தரை நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று வந்தது. நான் என் நகத்தைப் பார்த்தேன். ஓசூர் நகர்ந்தால் பெங்களூர் என்ன ஆகும் என்று கேட்டேன். "ரெண்டும் சேந்துதான் போகும், நீ உக்காரு" என்றார் சார்.

புவியியலின் முதல் ஞாயிறு, மொத்தத்தில் அது ஒன்பதாவது ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் சார் மப்ளரை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். அவர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துல இருந்து ஒருத்தர் வர்றார். ஹால் டிக்கெட்டை அவர்தான் கையில குடுப்பார். போட்டோவையும் மூஞ்சியையும் பாத்துத்தான் குடுப்பார். அதனால எல்லாரும்..." என்று நிறுத்தி, எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாரும் கண்டிப்பா வந்துருங்க."

‘எல்லாரும்’ என்பதை அவர் அழுத்தின அழுத்தில் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் காலைச் சுவரில் வைத்துக் காத்திருந்தார்.

"லீவு சொல்லியாச்சு. சித்தப்பா செத்துட்டாவ." அந்தச் சித்தப்பா ஏற்கெனவே இரண்டு தடவை செத்தவர். "சரி, சொல்லு. இந்தப் பதினேழு எப்படிப்பட்ட ஆளு?"

"கொஞ்சம் கேள்வி கேப்பாருங்கண்ணா."

"எத்தன?"

"வாரத்துக்கு நாலஞ்சு இருக்கும்."

கால் இரண்டும் சுவரிலிருந்து இறங்கின. "ஏ பேதில போவான்! வாயத் தொறக்காதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேம்லா?"

"அது தானா தொறந்துக்குதுங்கண்ணா. சாரு எனக்கு, இல்ல, உங்களுக்கு, கேள்விக்காரர்னே பேரு வெச்சுட்டாரு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டறையில் வீணான உற்பத்திச் சீட்டுகளின் பின்பக்கத்தில், புத்தகத்துக்கு ஒன்றாக ஐந்து அறிமுகத்தையும் நான் சுருக்கி எழுதி வைத்திருந்தேன். பொருளியல் சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். "ஒரு ஆடு இருக்குதுங்கண்ணா. அதுக்குப் பசி. முதல் கட்டுப் புல்லு போடறோம்..." இரண்டாம் கட்டுப் புல் போடும்போது குறட்டை கேட்டது.

பத்தாவது ஞாயிறு நானும் கூடப் போனேன். போகக்கூடாதுதான். அறையில் தனியாக உட்கார்ந்து கவலைப்படுவதற்கு, பக்கத்தில் நின்று கவலைப்படலாமே என்று போனேன். பள்ளிக்கூட வாசலில் பார்த்தால் பாகலூர் அக்கா, ஒன்பதாம் நம்பர்த் தம்பி, பழைய முகங்கள் எல்லாம் நிற்கின்றன. அவர்களுக்கும் அதே வியாதி. வகுப்பறை ஜன்னல்களில் ஒண்டி நின்றோம்.

உள்ளே நாங்கள் பார்த்தே இராத வகுப்பு ஒன்று இருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜன்னலருகே வந்து, "ஏம்மா, என் எடம் எது?" என்று மனைவியைக் கேட்டார். நான் அண்ணனுக்கு மூன்றாவது பெஞ்சைக் காட்டினேன். "மை கொட்டியிருக்குது பாருங்க, அதுமேல கை வெச்சுக்கங்க. வழக்கமா அப்படித்தான் வெச்சுக்குவீங்க."

வந்த அதிகாரி ஒல்லியாக இருந்தார். விடியற்காலை பஸ்ஸில் ஏறி வந்த களைப்பு சட்டையில் தெரிந்தது. நம்பரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒரு தகராறும் இல்லை. எல்லா முகமும் அந்தந்த முகமாகவே இருந்தது. கடைசியில், கேட்க வேண்டுமே என்று கேட்டார்: "பாடம்லாம் நல்லா போச்சா சார்?"

விலங்கியல் சாருக்கு ஒன்பது வாரப் பழக்கம் முந்திக்கொண்டது. "நல்லா போச்சுங்க. பதினேழு மாதிரி ஒருத்தர் இருந்தா வகுப்பு தானா போகும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அப்படியா? எங்கே, பதினேழு?"

அண்ணன் எழுந்தார். அதிகாரி கைக்குக் கிடைத்த புத்தகத்தைப் பிரித்தார். பொருளியல். "‘மற்றவை மாறாதிருக்கும்போது’ன்னு வருதே, அதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். நான் இரண்டு விரலைத் தலைக்குமேல் கொம்பாக நிறுத்தி, ஆடு, ஆடு என்று வாயசைத்தேன். என்னைப் பார்த்து அவருடைய புருவம் சுருங்கியது. பையனுக்கு முற்றிவிட்டது என்று நினைத்தாராம், பிறகு சொன்னார். திரும்பிக்கொண்டு, சொந்தமாகவே ஆரம்பித்துவிட்டார்.

"சார், எங்க கம்பெனிக்கு ஞாயித்துக்கெழம லீவு. மத்தது ஒண்ணும் மாறலன்னா இன்னைக்கு எனக்கு லீவுதான். ஆனா கரண்டு பத்தலன்னு புதன்கெழமைய லீவாக்கிட்டாவ. லீவு மாறுனதோட நிக்கா? கறி எடுக்கது மாறிட்டு. துணி தொவைக்கது மாறிட்டு. ஞாயித்துக்கெழம ஊருக்குப் போன் போட்டா மவ பேசுவா. புதன்கெழம போட்டா பள்ளிக்கூடம் போயிருக்கா. ஒண்ணு மாறுனா மத்தது மாறாம இருக்காது சார். இத எழுதுனவருக்கு பவர் ஹாலிடே கெடையாது, அதான் எழுதிட்டாரு."

அறை சிரித்தது. ஜன்னல்கள் சிரித்தன. அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலையா?"

அண்ணன் பெஞ்சில் மை கொட்டிய இடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்புறம் ஒன்பது ஞாயிறும் எப்படி வந்தீங்க?"

அண்ணனின் கை தானாகக் கீழே போய்க் கெண்டைக்காலைத் தொட்டது. நாற்காலி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காது அடைத்தது, உள்ளங்கை வியர்த்தது, கட்டத்துக்குள் அச்சடித்திருந்த அத்தனையும் வரிசையாக வந்தது. அதோடு வழக்கம்போல என் வாயும் திறந்துகொண்டது.

"உள்ளேன் ஐயா."

ஒன்பது வாரம் ஒருநாளும் சரியாக வராத வார்த்தை, அன்றைக்குக் கம்பி ஜன்னல் வழியாக மணிபோல வந்தது.

அதிகாரி திரும்பினார். மற்ற ஜன்னல்களில் தலைகள் மறைந்தன. என் தலைக்கு மறையத் தெரியவில்லை. பாகலூர் அக்கா மறைய மாட்டேன் என்று நின்றார்.

"நீங்க யாரு?"

"பதினேழுங்க சார். இல்லீங்க. பதினேழுக்குப் பதிலுங்க."

"நீங்கம்மா?"

"இருபத்திரெண்டுக்கு."

அவர் சாரைப் பார்த்தார். சார் மெதுவாக, "அஞ்சு பேருக்கு. என் பாடம் விலங்கியல்" என்றார்.

அதிகாரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டு உள்ளே நிறுத்தினார். "ஒன்பது வாரமும் கவனிச்சீங்களா?"

"பயத்துல கவனிச்சேன் சார்."

"இப்ப இவரு சொன்னாரே, மத்தது மாறாம இருக்காதுன்னு. நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்லீங்க சார். நான் சொல்லிக் குடுத்தது ஆடு."

அவர் முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. புத்தகம் இறங்கியபோது முகம் பழையபடி இருந்தது. அண்ணனிடம், "பரீட்சையில ஜன்னல் கிடையாது. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"அங்க ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் வந்தா, நான் இல்ல, போலீஸ்தான் பேசும்."

"நானே வருவேன் சார். படிச்சுட்டு வருவேன்."

அவர் பேனாவை எடுத்தார். முப்பத்தைந்து ஹால் டிக்கெட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் மூச்சு விட்டது அப்போதுதான்.

பஸ் ஸ்டாண்டில் நின்று நான் அந்த ஹால் டிக்கெட்டை மூன்று தடவை சரிபார்த்தேன். பேர் சரி, நம்பர் சரி, போட்டோ சரி. அடியில் ‘உதவிப் பதிவாளர்’ என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பேனாவால் ‘க்காக’ என்று சேர்த்து, அதற்குமேல் அவர் கையெழுத்து.

"அண்ணா, இதைப் பாருங்க."

அண்ணன் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "ஏல, இவரும் பதிலுக்கு வந்தவருதானா!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

பரீட்சைக்கு அண்ணன் நிஜமாகவே படித்தார். படுத்தால் தூக்கம் வருகிறது என்று, வலிக்கிற காலோடு நின்றுகொண்டு படித்தார். உட்காருவதற்காக இன்னும் கொஞ்ச நாள் நிற்கிறேன் என்றார். சித்தப்பா மறுபடி செத்தார். ஐந்து நாளும் பரீட்சை எழுதியது அவர். காய்ச்சலில் படுத்தது நான். ஐந்திலும் பாஸ். எதிலும் தாராளமான பாஸ் இல்லை.

மறு வருஷம் பவர் ஹாலிடே அட்டவணையை மாற்றினார்கள். அண்ணனுக்கு ஞாயிறு திரும்பக் கிடைத்தது. அந்த ஞாயிறு ஒன்றில், என்னைக் கேட்காமல் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். பதினெட்டு வயது முடிந்தவர்கள், பள்ளிக்கூடம் முடிக்காவிட்டாலும், ஒரு முன்தயாரிப்புப் படிப்பு படித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகலாமாம். என் பேரை அவரே எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. அதைப் போட எனக்குப் பதினொரு நாள் ஆனது.

புத்தகம் வந்தது. சணலை அவிழ்த்தேன். அதே அழுக்கு மஞ்சள் அட்டை. அதற்குள் எங்கள் பட்டறைக்குப் பிசிறு எடுக்க மிஷின் வந்துவிட்டது. மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் வேண்டுமென்றால் பவர் ஹாலிடே வேண்டும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை. என் முதல் வகுப்பு ஞாயிறு மதியம்.

"இதுக்கு எதுக்குல மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? என் வகுப்பு காலையில முடிஞ்சுரும். மத்தியானம் நான் போயி உக்காந்துட்டு வாரேன். ஒன் நம்பர் என்ன?"

"நாப்பத்தொண்ணு. அண்ணா, ‘உள்ளேன் ஐயா’ன்னு சொல்லுங்க, போதும். அதுக்கப்புறம் வாயத் தொறக்காதீங்க."

"எனக்கே சொல்லுதியா?"

அன்றைக்கு மிஷினில் கை வைத்த நேரம் பூராவும் நான் அந்த வகுப்பில்தான் இருந்தேன். நாற்பத்தொன்றைக் கூப்பிட்டிருப்பார்களா, பழக்க தோஷத்தில் அண்ணன் பதினேழுக்கு எழுந்து நின்றிருப்பாரா, அங்கே வருகிற சார் தவளையா, ஆடா? ஒரு பெட்டி உருப்படியை ஆறு தடவை தடவிப் பார்த்தேன்.

சாயங்காலம் நான் அறைக்கு வந்தபோது அண்ணன் எனக்கு முன்பே வந்து காலைச் சுவரில் வைத்திருந்தார். அந்தக் கறுப்பு வட்டங்கள் அவர் நாற்காலிக்குப் போகும்வரை, இன்னும் இரண்டு வருஷம், அங்கேயே இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம் இடுப்பு வலிக்கிறது என்றார். அது வேறு கதை.

"என்னங்கண்ணா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. எல்லாம் சரியாப் போச்சு."

"வாயத் தொறந்தீங்களா?"

அவர் சுவரில் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்விதாம்ல கேட்டேன்."

எனக்கு அங்கேயே உடம்பு சுட ஆரம்பித்தது.